ஆறு சனிக்கிழமைகளும் ஓர் ஈர டிஷ்யூவும்

மூன்று வருடம் கழித்து என் மகனின் கையைத் தொட்டேன். நான் விட்ட மறுநொடியே என் நாத்தனார் கைப்பையைத் திறந்து ஈர டிஷ்யூ ஒன்றை உருவினாள். அவன் கையை விரல் விரலாகத் துடைத்தாள். ரோஜா வாசனை டிஷ்யூ. எனக்குக் குமட்டியது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. புள்ளைக்கு அலர்ஜி."

"எதுக்கு அலர்ஜி?"

"பொதுவா."

பொதுவாக வரும் அலர்ஜியை நான் கேள்விப்பட்டதில்லை. நான் நர்சுக்கு உதவியாளாக எட்டு வருடம் வேலை பார்த்தவள். ஆனால் மூலையில் ரிப்போர்ட் மேடம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அட்டை, அட்டையில் தாள், தாளின் மேல் பேனா. அந்தப் பேனா எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் என் பிள்ளைகள்.

ஏற்பாடு இதுதான். ஆறு சனிக்கிழமை, காலை பத்து முதல் பதினொன்று வரை, குழந்தைகள் நல அலுவலகத்தின் சந்திப்பு அறையில் நான் பிள்ளைகளைப் பார்க்கலாம். ரிப்போர்ட் மேடம் பார்த்துப் பார்த்து எழுதுவாள். ஆறும் முடிந்ததும் அது குழுவுக்குப் போகும். பிள்ளைகள் என்னிடம் வருவதா, பதினெட்டு வயது வரை அத்தை வீட்டிலேயே இருப்பதா என்று குழு சொல்லும். மகளுக்குப் பதினொன்று. மகனுக்கு ஆறு. நான் உள்ளே போனபோது அவனுக்குப் பால் பல் முழுசாக முளைத்திருந்ததே பெரிய செய்தி.

அந்த அறையைச் சொல்ல வேண்டும். சக்கரம் போன லாரி பொம்மை, எத்தனையோ குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பியதில் விறைத்துப்போன துணிக்கரடி, ஒட்டும் மேசை. கையை வைத்தால் எடுக்கும்போது 'பிசுக்' என்று சத்தம் வரும். ஜெயில் கக்கூஸ் இதைவிடச் சுத்தம். நான்தானே கழுவினேன்.

முதல் வாரம் மகன் என் பக்கத்தில் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"நாத்தம்."

"என்ன நாத்தம்டா கண்ணு?"

"ஜெயில் நாத்தம். அத்தை சொன்னாங்க."

நாத்தனார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வெயில் எப்படி என்று ஆராய்ந்தாள். அது ஜெயில் வாசனை இல்லை. பிளீச்சிங் பவுடர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவை நிலையத்தில் எனக்கு வேலை. ஜெயிலுக்குப் போய் வந்தவளுக்கு வேறு எவன் கதவைத் திறப்பான்? ரத்தம், சீழ், மலம் எல்லாம் மூட்டையாக வரும். நான் பிரித்து, உதறி, கறை வாரியாகப் போட வேண்டும். இயந்திரத்துக்கு மூக்கு கிடையாது, எனக்கு உண்டு. ஆனால் அந்த ரோஜா டிஷ்யூவுக்குக் குமட்டியது போல அந்த மூட்டைகளில் ஒன்றுக்குக்கூட எனக்குக் குமட்டியதில்லை.

நான் ஏன் ஜெயிலுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் கட்டி. கடைசி நாலு மாதம் வலி. தலையணையைக் கடித்துக் கடித்துப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. வார்டில் நோயாளிக்குப் போட்டது போக மிஞ்சும் வலி ஊசி மருந்தை உடைத்துக் கொட்ட வேண்டும் என்பது விதி. நான் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். "எப்படியாவது கொண்டு வாங்க அண்ணி, அண்ணன் துடிக்கறதைப் பாக்க முடியல" என்று சமையலறையில் என் காலைப் பிடித்து அழுதது இதே நாத்தனார். பிடிபட்டதும், "அண்ணி பையில என்ன கொண்டு வருவாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று கோர்ட்டில் சொன்னதும் இவளேதான். அன்றைக்கும் கையில் டிஷ்யூ வைத்திருந்தாள். கண்ணைத் துடைக்க.

எல்லாமே மிச்சம் என்று நானும் கோர்ட்டில் சொன்னேன். எல்லாமே மிச்சம் இல்லை. ஒன்பதாம் படுக்கைக் கிழவருக்கு இரண்டு ராத்திரி அரை ஊசிதான் போனது. அவர் முனகியது எனக்குக் கேட்டது. கேட்காதது போல நடந்தேன். அருவருக்க வேண்டியவர்கள் வரிசையிலிருந்து என்னை நான் விட்டுவிடவில்லை.

நான் உள்ளே போன இரண்டாவது மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை மகள் தலையை வாரிவிட உட்கார்ந்தேன். அவள் என்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டாள். ஏதோ டீச்சரிடம் பேசுகிற மாதிரி. "நீங்க மெதுவா வாருங்க, வலிக்குது." நல்ல அடர்த்தியான முடி. நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது, பேன் ஈறு ஒன்றும் இல்லை. பாதிப் பின்னலில் டீ கொண்டு வருபவர் கதவைத் திறந்தார். அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனதும் மறுபடி பின்னினேன். மூன்றாவது சனிக்கிழமை மகன் என் முதுகில் ஏறி யானை விளையாடினான். நாத்தனார் இருமினாள், அவன் இறங்கவில்லை. அப்போது யாரோ ஃபைல் கேட்டுக் கதவைத் திறந்தார்கள். அவன் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். நாத்தனார் ஓடி வந்தாள், டிஷ்யூவுடன். அன்று பேனா நிறைய நேரம் ஓடியது.

நாலாவது வாரம் முடிந்து இலவச வக்கீல் கூப்பிட்டு அனுப்பினாள். சின்னப் பெண். க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து நடுவில் இருப்பதை நக்கிக்கொண்டே, அதே விரலால் என் ஃபைலைப் புரட்டினாள்.

"ரிப்போர்ட் நல்லா இல்லைங்க."

"ஏன்? நான் ஒரு தடவைகூடக் கோபப்படலையே."

"கோபம் இல்ல. கேளுங்க." வாசித்தாள். "'தாய்க்குக் குழந்தைகளிடம் ஒட்டுதல் குறைவு. அறைக்குள் எவர் வந்தாலும் கையில் உள்ள குழந்தையை விட்டுவிட்டு விலகிப் போய்ச் சுவரோரம் நின்றுகொள்கிறார். ஒருமுறை மகன் கீழே விழுந்தான்.' அஞ்சு தடவை எழுதியிருக்காங்க, தேதியோட."

"நான் அப்படிச் செய்யலையே!"

சத்தியமாகச் சொன்னேன். சொல்லும்போதே பின்னால் கதவு திறந்தது. பிறகு பார்த்தால் நான் நாற்காலியில் இல்லை. சுவரில் முதுகு ஒட்ட, இரண்டு உள்ளங்கையும் முன்னால் விரித்தபடி நின்றேன். உள்ளே வந்தது தண்ணீர் கேன் போடுகிற ஆள். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

வக்கீல் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

ஜெயிலுக்குள்ளே அதுதான் சட்டம். கதவு திறக்கிற சத்தம் கேட்டால், தின்றுகொண்டிருந்தாலும் குளித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து சுவரோரம் போக வேண்டும். கையில் ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும். முதல் மாதம் மறந்ததற்கு ஒரு வாரம் தனி அறை. அதற்குப் பிறகு என் கால் தானே எழுந்துகொள்ளக் கற்றுக்கொண்டது. என்னிடம் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டது.

"இதைச் சொல்லிடலாமே, ஜெயில் பழக்கம்னு?"

"ஜெயில்ங்கற வார்த்தையை எவ்வளவு கம்மியாப் பேசறோமோ அவ்வளவு நல்லதுங்க," என்றாள். பிஸ்கட்டை மறுபடி எடுத்தாள்.

சலவை நிலையத்தில் இஸ்திரி அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் நீராவி இஸ்திரியே அணைந்திருக்கும்.

"அடிப்பாவி, இது உனக்கு இப்பத்தான் தெரியுமா? முதலாளி உள்ள வந்தா நாங்க எல்லாரும் வேலை செய்யற மாதிரி நடிப்போம். நீ மட்டும் போய்ச் சுவத்துல ஒட்டிக்குவே. இங்க எல்லாரும் உனக்கு வெச்சிருக்கற பேரு என்ன தெரியுமா? பல்லி!"

"ஏன்க்கா இத்தனை நாள் சொல்லல?"

"பேரு நல்லா பொருந்தி இருந்துச்சு, எதுக்குக் கெடுப்பானேன்னுதான்."

ஆனால் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே பாடம் நடத்தினாள். கவிழ்த்த வாளிமேல் என்னை உட்கார வைத்து, ஈரத் துண்டுகளை மூட்டை கட்டி மடியில் வைத்தாள்.

"இதான் உன் புள்ள. நான் வெளிய போய்க் கதவை இடிச்சுத் திறப்பேன். நீ எழுந்திரிக்கக் கூடாது. மூட்டை கீழ விழுந்தா புள்ளை விழுந்த மாதிரி."

டமால் என்று திறந்தாள். மூட்டை தரையில். நான் சுவரில்.

"மறுபடி."

டமால். மூட்டை தரையில்.

பதினோரு தடவை. பல்லைக் கடித்தேன், வாளியைப் பிடித்துக்கொண்டேன், கண்ணை மூடினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசித் தடவை வாளியும் என்னோடு சேர்ந்து எழுந்தது.

"பதினோரு தடவை புள்ளையைக் கீழ போட்டவகிட்ட எவன்டி குழந்தையைக் குடுப்பான்?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "சாப்பிடு. ஆறிடும்."

என்னால் சாப்பிட முடியவில்லை. என் கால்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. யாருடைய கால்கள் இவை? சம்பளம் வாங்காமல் இன்னும் ஜெயிலிலேயே வேலை பார்க்கின்றன.

ஐந்தாவது சனிக்கிழமை மூன்று தடவை கதவு திறந்தது. மூன்று தடவையும் எழுந்தேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ரிப்போர்ட் மேடம் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். இடம் போதவில்லை போல.

ஆறாவது சனிக்கிழமை. கடைசி. பத்தரைக்குக் குழுத் தலைவரே நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்றாள் ரிப்போர்ட் மேடம். கரடியைக்கூட நேராக உட்கார வைத்திருந்தாள். நாத்தனார் புதுச் செருப்பில் வந்தாள். மகன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"என்னடா சாப்பிட்டே?"

"கேக். ரோஸ் கலர் க்ரீம் கேக். அத்தை நாலு துண்டு குடுத்தாங்க. அப்புறம் மில்க் ஷேக்."

"காலைலயேவா?"

"நீங்க ஏதாவது வெளில வாங்கிட்டு வந்து குடுத்துடுவீங்களே அண்ணி," என்றாள் நாத்தனார், "பசி இல்லாம இருந்தா கேக்க மாட்டான் பாருங்க. அதான்." நான் வாங்கி வந்திருந்த ஆரஞ்சு இரண்டையும் பைக்குள்ளேயே விட்டேன்.

அவனுக்கு மேல் உதடு வெளுத்திருந்தது. வேர்த்தது. எட்டு வருடம் வார்டில் இருந்தவளுக்கு இது தெரியாதா? "வாளி ஏதாவது இருக்கா?" என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

என் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். ரோஸ் நிறம். சூடு. புளிப்பும் வெனிலாவும் சேர்ந்த வாடை. கை நிறைந்து மணிக்கட்டில் வழிந்தது. "ச்சீ! ச்சீ!" என்று நாத்தனார் இரண்டடி பின்னால் பாய்ந்தாள். டிஷ்யூ பாக்கெட்டைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி நுனி விரலில் நீட்டிக்கொண்டு நின்றாள். கிட்டே மட்டும் வரவில்லை. ரிப்போர்ட் மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்து ஜன்னலைத் திறக்கப் போனாள். தாள்கள் தரையில் பறந்தன.

மகள்தான் குப்பைத் தொட்டியை இழுத்து வந்தாள். "அம்மா, இதுல போடு," என்றாள். "நீ அவனைப் பிடி, நான் நெத்தியைப் பிடிச்சுக்கறேன்."

அவன் முதுகு மறுபடி வளைந்தது. அடுத்த அலை வருகிறது. அப்போது கதவு திறந்தது.

சத்தம் கேட்டது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தொடையில் ஒரு துடிப்பு ஓடியது. ஆனால் என் முழங்காலில் அவன் முழு எடையும் சாய்ந்திருந்தது. என் கை இரண்டும் நிறைந்திருந்தன. காலி என்று காட்ட அவற்றில் இடம் இல்லை.

"என்ன இது?" என்றது ஓர் ஆண் குரல்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன் திரும்பாமல். "பையன் இன்னும் முடிக்கல."

பாவம், இருந்தார். அவன் முடித்தான். முடித்துவிட்டு என் தோளிலேயே வாயைத் துடைத்தான். பிளீச்சிங் வாடையும் வாந்தி வாடையும் ஒன்றாகிவிட்டன. அவன் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.

தலைவர் வயதானவர். தரையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். "யாராவது உள்ள வந்தா குழந்தையை விட்டுட்டு விலகிடறாங்கன்னு எழுதியிருக்கீங்களே மேடம்? அது இவங்கதானா?"

"இன்னிக்கு... சூழ்நிலை கொஞ்சம்... இது விதிவிலக்கு சார்," என்றாள் ரிப்போர்ட் மேடம், கைக்குட்டைக்குள்ளிருந்து. "அதோட, உடம்பு சரியில்லாத அன்னிக்கு நடக்கிற சந்திப்பைக் கணக்குல எடுக்கலாமா? ஃபாரத்துல அதுக்கு இடமே இல்ல."

ஃபாரத்தில் இடமில்லையாம். என் பிள்ளை கக்கியது தரையில் கிடக்கிறது, அதற்கு ஃபாரத்தில் இடமில்லையாம். எனக்கு வக்கீல் சொன்னது ஞாபகம் வந்தது, பிஸ்கட்டோடு சேர்த்து. ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

"நானே சொல்றேன் சார். மூணு வருஷம் ஜெயில்ல இருந்தேன். அங்க கதவு திறந்தா எழுந்து போய்ச் சுவரோரம் நிக்கணும். கையை இப்படிக் காட்டணும்." காட்டினேன், ரோஸ் க்ரீம் சொட்டச் சொட்ட. தலைவரும் ஓரடி பின்னால் போனார். "பழகிடுச்சு. பயத்துலதான் எழுந்தேன், புள்ளைங்க வேணாம்னு இல்ல. இன்னும் எத்தனை தடவை எழுந்திருப்பேனோ தெரியாது. இன்னிக்கு எழுந்திரிக்கல. அதையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்க."

அவர் தன் பேனாவை எடுத்து ரிப்போர்ட் மேடத்திடம் நீட்டினார். "எழுதுங்க. பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?"

மாடிப்படிக்குக் கீழே இருந்த குழாயில் கை கழுவினேன். மகள் தம்பியின் சட்டையைக் கசக்கினாள். குழாய் வாயில் பச்சைப் பாசி.

"உனக்கு அருவருப்பா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"தம்பி வாந்தியா?"

"அது இல்ல."

அவள் சட்டையைப் பிழிந்தாள். பிறகு, குரலை இறக்கி, "அப்பாவுக்கு ஊசி கேட்டது அத்தைதானே? எனக்குத் தெரியும். சமையலறையில அழுதாங்க. நான் தூங்கலை அன்னிக்கு. போய் அந்த சார்கிட்டச் சொல்லட்டுமா?"

என் நாக்கில் 'போ' என்ற சொல் வந்து நின்றது. எத்தனை இனிப்பாக இருந்தது தெரியுமா, அந்த ரோஸ் க்ரீமை விட.

"கேட்டது அவ," என்றேன். "எடுத்தது நான். இன்னொருத்தருக்குப் போட வேண்டிய மருந்து அது. சட்டையை இன்னொரு தடவை அலசு, காலர்ல இருக்கு."

மூன்று வாரத்தில் குழுவின் கடிதம் வந்தது. ஆறு மாதம் பிள்ளைகள் என்னோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வந்து பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி ஆய்வு. ரிப்போர்ட் மேடம் மாதம் இரண்டு தடவை சொல்லாமல் வருவாளாம். வரட்டும். கதவு திறக்கும். பார்ப்போம்.

பிள்ளைகளை அழைத்துக்கொள்ளப் போன அன்று நாத்தனார் வாசலிலேயே இரண்டு பைகளுடன் நின்றாள். துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தாள். மேலே புது டிஷ்யூ பாக்கெட் ஒன்று.

"வெச்சுக்கங்க அண்ணி. புள்ளைங்களுக்குப் பழக்கம்." கண் வீங்கியிருந்தது. மூன்று வருடம் அவளும் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறாள். காய்ச்சலுக்கு விழித்திருக்கிறாள். கோர்ட்டில் பொய்யும் சொல்லியிருக்கிறாள். இத்தனையும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அவள் குனிந்து மகனின் கன்னத்தில் அழுத்தி முத்தம் கொடுத்தாள். நிமிர்வதற்குள் அவன் பாக்கெட்டைக் கிழித்து, ஒரு டிஷ்யூ உருவி, கன்னத்தை அழுத்தித் துடைத்தான். காது வரைக்கும் துடைத்தான்.

"டேய்!" என்றாள் மகள்.

"யாராவது தொட்டா உடனே துடைக்கணும்னு அத்தைதானே சொல்லிக் குடுத்தாங்க," என்றான் அவன், நல்ல பிள்ளையாக.

நாத்தனாரின் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று வருடமாக இப்படி ஒரு நொடிக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வந்தது. சந்தோஷம் இல்லை, குமட்டல். அந்தச் சின்ன விரல்கள் அத்தனை பழக்கமாக, அத்தனை சுத்தமாகத் துடைத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் கால்களைப் போலவே அவன் கைகளும் எவரிடமோ வேலை கற்றிருக்கின்றன.

அவன் கையிலிருந்து டிஷ்யூவைப் பிடுங்கினேன். பாக்கெட்டையும் எடுத்து நாத்தனாரின் கைப்பைக்குள்ளேயே திணித்தேன்.

"அத்தைக்கு ஒரு முத்தம் குடு," என்றேன்.

"துடைக்கலாமா?"

"கூடாது."

கொடுத்தான். அவள் கன்னம் ஈரமாக இருந்திருக்க வேண்டும். படியிறங்கும் வரை அவன் உதட்டை நக்கி நக்கி, "உப்பு, உப்பு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தான். துடைக்கவில்லை.